குதிரைத் திடலில் புல் ஏன் நிற்கவில்லை? டெல்டா மண்ணுக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காவிரி டெல்டாவில் குதிரை வைத்திருப்பவர்கள் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். திருக்கடையூர்ப் பக்கம் காணும் பொங்கல் எல்கைப் பந்தயத்துக்காக வளர்ப்பவர்கள், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுபவர்கள், ஆசைக்கு ஒன்றிரண்டு மட்டக்குதிரை கட்டியிருப்பவர்கள். இவர்களில் யாராவது இரண்டு மூன்று மா வயலை நெல்லிலிருந்து விடுவித்துப் புல்லுக்கு விட்டால், முதல் வருஷம் பெரும்பாலும் ஏமாற்றம்தான். புல் முளைக்காது, முளைத்தால் மஞ்சளாகும், மஞ்சளாகாவிட்டால் மழையில் சேறாகும். எல்லாம் சரியாக வந்த இடத்தில் குதிரை நொண்டும்.

நம் ஊரில் கிடைக்கும் தீவன யோசனை எல்லாமே மாட்டுக்கும் ஆட்டுக்கும் சொன்னது. மாடு நாக்கால் சுழற்றிப் பிடுங்கித் தின்னும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு, தரையோடு ஒட்டக் கறித்துவிடும். மாடு பாதி நேரம் படுத்து அசை போடும். குதிரை நாளின் பெரும்பகுதி நின்றும் நடந்தும் மேய்ந்துகொண்டே இருக்கும், அத்தனை நேரமும் குளம்பு மண்ணை மிதித்துக்கொண்டே இருக்கும். 300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிலோ பச்சைப் புல் தின்னும். ஒரு குதிரைக்குக் குறைந்தது மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், இல்லையென்றால் அந்த இடத்தை மேய்ச்சல் என்று கணக்கில் எடுக்காதீர்கள். கால் நீட்ட விடும் இடம் என்று வைத்துக்கொண்டு, தீவனத்தை வெளியிலிருந்து அறுத்துப் போடுங்கள்.

எந்தக் கோளாறானாலும் முதலில் தண்ணீரைப் பாருங்கள். அப்புறம் மிதி, அப்புறம் விதை. உரம் கடைசி. ஊரில் நடப்பது தலைகீழ்: புல் வாடினால் முதல் வேலையாக யூரியா மூட்டையைப் பிரிப்பார்கள்.

விதைத்து இருபது நாள் ஆயிற்று, முளைப்பே இல்லை

ஐந்தாறு இடத்தில் மண்ணைக் கிளறிப் பாருங்கள். விதை இருக்கிறதா, என்ன நிலையில் இருக்கிறது என்பதை வைத்தே பாதி விடை கிடைத்துவிடும்.

விதையே இல்லையென்றால் தாழ்வான மூலைக்குப் போங்கள். அங்கே வரப்போரம் ஒரே கோடாக நெருக்கமாக முளைத்திருந்தால் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. புல் விதை நெல் மாதிரி கனமானது இல்லை, மடையைத் திறந்து பாய்ச்சினால் மிதந்து போய்விடும். விதைப்பதற்கு முன்பே பாய்ச்சி, வடித்து, மண் புட்டுப் பதத்துக்கு வந்தபின் தூவுங்கள். அடுத்த தண்ணீரைப் பூவாளியாலோ தெளிப்பானாலோ கொடுங்கள். மூலையிலும் இல்லையென்றால் எறும்புப் புற்றின் வாயைப் பாருங்கள், உமி குவிந்திருக்கும். விதையை இரண்டு மூன்று பங்கு ஈர மணலோடு கலந்து தூவி, உடனே லேசாகப் பரம்பு ஓட்டி மூடினால் எறும்பும் குருவியும் எடுப்பது குறையும். தூவலும் சீராக விழும்.

விதை இருக்கிறது, நசுக்கினால் கூழாகிறது என்றால் அழுகல். பெரும்பாலும் ஐப்பசியில் விதைத்தவர்களுக்கு வருவது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதத்தில் களிமண்ணில் புல் விதை போடுவது வீண் செலவு. டெல்டாவில் இதற்கு இரண்டு பட்டம்தான் உண்டு. ஒன்று ஆடி, ஆவணி. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கும், பெருமழைக்கு முன்னால் வேர் பிடிக்க இரண்டு மாதம் கிடைக்கும். மற்றது தை. மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும், ஆனால் ஜனவரி 28-ல் அணை மூடும் வழக்கம் என்பதால் கோடையைத் தாண்ட பம்புசெட் கட்டாயம். பம்புசெட் இல்லாதவர்கள் ஆடியைத் தவறவிட்டால் அடுத்த ஆடிவரை பொறுப்பதே மேல்.

விதை கெட்டியாக, போட்டபடியே இருக்கிறது என்றால் ஒன்று ஆழத்தில் விழுந்திருக்கிறது, இல்லை உறக்கத்தில் இருக்கிறது. ரொட்டவேட்டர் ஓட்டிய பொலபொல மண்ணில் தூவினால் விதை மூன்று விரல் ஆழத்துக்கு இறங்கிவிடும், அங்கிருந்து அதால் மேலே வர முடியாது. ரோட்ஸ் புல் போன்ற பஞ்சு விதைக்கு ஒரு சென்டிமீட்டரே அதிகம். பரம்படித்து மண்ணை இறுக்கியபின் தூவ வேண்டும். கொழுக்கட்டைப் புல் விதை அறுத்த சில மாதங்களுக்கு உறங்கும், புது விதை வாங்கினால் முளைக்காது. வேலிமசால், முயல்மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடிகளின் விதைக்குத் தோல் கெட்டி. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி நான்கு நிமிடம் விட்டு, அதில் விதையை ஐந்து நிமிடம் போட்டு, வடித்து, பச்சைத் தண்ணீரில் இரவு ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். எந்த விதையானாலும் வாங்கியதும் நூறு விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்த்துவிட்டு வயலில் இறங்குங்கள்.

முளை விட்டு, மேலே வர முடியாமல் சுருண்டு கிடக்கிறது என்றால் மேல்மண் காய்ந்து ஓடு கட்டியிருக்கிறது. களிமண்ணில் இது சகஜம். விதைத்த கையோடு வைக்கோலைத் தரை தெரியும் அளவுக்கு மெல்லியதாகப் பரப்பினால் ஓடு கட்டாது.

இவ்வளவு தொல்லையும் வேண்டாம் என்றால் அருகம்புல் போடுங்கள். விதை வேண்டாம், உங்கள் வரப்பிலேயே இருக்கிறது. கொடியை மூன்று நான்கு கணு இருக்கும்படி துண்டாக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஒரு சாண் இடைவெளியில் ஊன்றி மிதித்துவிட்டால் போதும். ஊரே சிரிக்கும், காலமெல்லாம் அருகைப் பிடுங்கியே முதுகு ஒடிந்த சனம் அல்லவா. ஆனால் ஒட்டக் கறித்தாலும், குளம்பு மிதித்தாலும், நான்கு நாள் தண்ணீர் நின்றாலும் மறுபடி எழுந்து வரும் புல் நம் பக்கத்தில் அதுதான். என் கணக்கில் டெல்டாத் திடலுக்கு அருகுதான் அடிப்படை, மற்றதெல்லாம் துணை.

நன்றாக வந்த புல் மஞ்சளாகிறது

எந்த இலை மஞ்சள் என்று குனிந்து பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

அடி இலை நுனியிலிருந்து மஞ்சளாகி, மேல் இலை பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. இதற்கு யூரியா சரி. 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து ஏறக்குறைய 21 கிலோ இருக்கும். ஏக்கருக்கு ஒரு தடவைக்கு அரை மூட்டைக்கு மேல் வேண்டாம், அடுத்த அரை மூட்டை ஒரு சுற்று மேய்ந்து முடித்தபின். பனி உலர்ந்தபின் தூவுங்கள், ஈர இலையில் குருணை ஒட்டினால் கருகும். தூவியதும் லேசாகத் தண்ணீர் காட்டுங்கள். காய்ந்த தரையில், அதுவும் காரத்தன்மை உள்ள மண்ணில், வெயிலில் கிடக்கும் யூரியாவில் கணிசமான பங்கு காற்றோடு போய்விடும்.

புது இலை வெளுத்து, நடு நரம்பின் இருபுறமும் வெள்ளைப் பட்டை தெரிந்தால் துத்தநாகக் குறைவு. தொடர்ந்து நெல் போட்டுத் தண்ணீர் கட்டிய டெல்டா வயல்களில் இது பரவலான குறை. ஏக்கருக்குப் பத்து கிலோ சிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து தூவலாம், டிஏபி, சூப்பர் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தோடு மட்டும் கலக்காதீர்கள், ஒன்றையொன்று கட்டிப்போடும். அவசரத்துக்கு அரை சதவீத சிங்க் சல்பேட்டும் ஒரு சதவீத யூரியாவும் கலந்த கரைசலை இலையில் தெளித்தால் ஓரிரு வாரத்தில் புது இலையில் மாற்றம் தெரியும்.

மேல் இலை கீழ் இலை என்ற பேதம் இல்லாமல் எல்லாம் மஞ்சள், ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை என்றால் உரக்கடைக்கு இதில் வேலையே இல்லை. வேருக்குக் காற்றில்லை. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

இலை ஊதா பாய்ந்து, பயிர் குட்டையாக நின்றால் மணிச்சத்துக் குறைவு. விதைப்பதற்கு முன்பே சூப்பர் பாஸ்பேட்டை அடியுரமாகப் போட்டிருக்க வேண்டும், மேலே தூவினால் மெதுவாகத்தான் இறங்கும். பொட்டாஷ் மட்டும் மண் பரிசோதனை கேட்டாலொழியப் போடாதீர்கள். வண்டல் மண்ணில் பெரும்பாலும் போதுமான அளவு இருக்கும். குதிரைத் திடலில் அது கூடினால் வேறு ஒரு வம்பு இருக்கிறது, பின்னால் வருகிறது.

கோழி எரு மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். மேய்ச்சல் திடலில் வேண்டவே வேண்டாம். செத்த கோழியின் துணுக்கு ஒன்று கலந்திருந்தாலும் போட்டுலிசம் என்ற நச்சு உண்டாகலாம், அதற்குக் குதிரை மிக எளிதில் பலியாகும். மக்கிய மாட்டுச் சாணம் நல்லது. அதைவிட நல்லது ஆட்டுக்கிடை. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கிடை ஆடுகள் வரும்போது இரண்டு இரவு திடலில் மடக்கச் சொல்லுங்கள். உரமும் ஆகும், குதிரை ஒதுக்கிய புல்லையும் ஆடு தின்று சமன் செய்துவிடும்.

தண்ணீர் நிற்கிறது, குளம்படி குழியாகிறது

டெல்டாத் திடல்களில் தோற்பவை பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வயல் என்பது தண்ணீரைப் பிடித்து வைக்கத் தலைமுறை தலைமுறையாகச் செய்த ஏற்பாடு. சேற்றுழவு உழுது உழுது, ஒரு சாண் ஆழத்துக்குச் சற்று முன்னாலேயே ஒரு கடினத் தட்டு உருவாகியிருக்கும். நெல்லுக்கு அது வரம், புல்லுக்குச் சாபம். கோடையில் ஒரு கம்பியை அழுத்திப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே ஆழத்தில் எல்லா இடத்திலும் முட்டி நின்றால் தட்டு இருக்கிறது. சாதாரணக் கலப்பை அதை உடைக்காது. சித்திரை, வைகாசியில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையை ஒரு முறை நெடுக்காகவும் ஒரு முறை குறுக்காகவும் ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் தட்டு உடையாது, பிசையும்.

அப்புறம் வரப்பு. நெல்லுக்குப் போட்ட வரப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே புல் வளர்க்கப் பார்ப்பவர்கள் உண்டு. தாழ்ந்த பக்கத்து வரப்பை வெட்டி வடிகாலோடு இணையுங்கள். பாசன வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் வித்தியாசம் தெரியாமல் பக்கத்து வயல்காரர் மடையில் திருப்பிவிட்டால் புல் பிரச்சினை ஊர்ப் பிரச்சினையாகிவிடும், முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். திடலுக்குள் பதினைந்து இருபது அடிக்கு ஒரு ஆழமில்லாத வாய்க்கால் எடுத்து, அந்த மண்ணை இடையில் போட்டு ஆமை முதுகுபோல மேடாக்கினால் ஐப்பசி மழையிலும் புல்லின் வேர் மூச்சு விடும். வாய்க்காலின் கரையைச் சரிவாக எடுங்கள், செங்குத்தாக வெட்டினால் இரவில் குதிரை காலை விட்டு முறித்துக்கொள்ளும்.

எத்தனை செய்தாலும் மழை நாட்களில் குதிரையை முழுத் திடலிலும் விடக்கூடாது. ஈரக் களியில் ஒரே நாள் ஓடிய குளம்பு, மூன்று மாதம் வளர்த்த புல்லை வேரோடு பெயர்த்துவிடும். வீட்டுக்குப் பக்கத்தில், மேடான இடத்தில், சிறிய துண்டு ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். ஆற்று மணலோ செங்கல் ஜல்லியும் அதன்மேல் கிராவலுமோ கொட்டி, மழைக்காலம் முழுக்கக் குதிரையை அதில் வைத்துக் காய்ந்த புல்லும் அறுத்த புல்லும் போடுங்கள். அந்தத் துண்டில் புல் இருக்காது. மற்ற திடல் பிழைப்பதற்கு அதுதான் விலை. குளம்புக்கும் அதுதான் நல்லது. சேற்றிலேயே நின்றால் குளம்பின் அடியில் கறுத்து, நாற்றமடித்து அழுகும்.

இங்கே ஒரு யோசனை கட்டாயம் உங்கள் காதுக்கு வரும்: "தண்ணி நிக்கிற இடமா? எருமைப்புல்லு போடுங்க, ஜோரா வரும்." ஜோராக வரும்தான். எருமைக்கு நல்லது. குதிரைக்கு ஆகாது, காரணம் கீழே.

கொள்ளிடம், காவிரிப் படுகையில் நிலம் உள்ளவர்களுக்கு இந்தத் தலைப்பே தேவையில்லை. வடியும் மண், அருகும் ரோட்ஸும் தானாக வரும். வெள்ளம் வந்தால் வேலியைத் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மண் மேல் வெள்ளை பூக்கிறது, புல் திட்டுத்திட்டாகக் காய்கிறது

நாகை, வேதாரண்யம், தரங்கம்பாடிப் பக்கம் மாசிக்கு மேல் வரும் கோளாறு. வெள்ளையாகப் பூத்து, நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தால் உவர். மண் கறுத்து, ஈரத்தில் வழுக்கி, காய்ந்தால் கல்லாகி, மழைத் தண்ணீர் கலங்கலாகவே நின்றால் களர். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். உவருக்கு ஜிப்சம் தேவையில்லை, நல்ல தண்ணீரைக் கட்டிக் கரைத்து வடிக்க வேண்டும். கார்த்திகை மழையே அதை இலவசமாகச் செய்யும், வடிகால் மட்டும் திறந்திருந்தால் போதும். களருக்கு முதலில் ஜிப்சம், அப்புறம் தண்ணீர் கட்டி வடிப்பது. எவ்வளவு ஜிப்சம் என்பதை மண் பரிசோதனை முடிவு சொல்ல வேண்டும். சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்திலோ நீடாமங்கலத்திலோ விசாரியுங்கள்.

கோடையில் உப்புக் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சிப் பச்சையாக வைக்க முயன்றால் அடுத்த வருஷம் அந்தப் புல்லும் இருக்காது. அருகு காய்ந்து பழுப்பானாலும் கொடியில் உயிர் இருக்கும், விட்டுவிடுங்கள். உவர் திட்டில் விதைக்க வேண்டுமென்றால் மழை கழுவி முடித்தபின் தையில் ரோட்ஸ் போடுங்கள், உப்பை ஓரளவு தாங்கும்.

ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் முழங்கால் உயரம்

மண் கோளாறு இல்லை, குதிரையின் குணம். லத்தி, அதாவது சாணம், போட்ட இடத்தில் குதிரை மேயாது. மேய்ந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கறித்துத் தரையாக்கும். லத்தி போடும் மூலையில் புல் முற்றிப் பூத்து நிற்கும். புல் போதவில்லை என்று நினைத்து மொட்டைப் பக்கம் உரம் போட்டால், வரும் தளிரையும் அன்றே கறித்துவிடும்.

வாரம் இரண்டு முறை லத்தியை அள்ளுங்கள். குடற்புழுவின் முட்டை அதில்தான் இருக்கிறது. அள்ளியதைக் குவித்து மக்கவிட்டு வாழைக்கோ தென்னைக்கோ போடலாம், பச்சை லத்தியைத் திடலிலேயே பரப்பக்கூடாது. ஒரே விதிவிலக்கு அக்னி நட்சத்திர வெயில்: குதிரை இல்லாத துண்டில் அப்போது கலைத்துவிட்டால் புழுக்கள் வெயிலில் காய்ந்து சாகும். முற்றிய புல்லை மாட்டை விட்டு மேய்க்கலாம். மாடு குதிரைப் புழுவை விழுங்கினாலும் அதற்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, புழுவின் கதை முடிந்துவிடும்.

திடலை மூன்று நான்கு துண்டாகப் பிரித்துச் சுற்றில் மேயவிடுங்கள். உயரமான புல் என்றால் ஒரு சாண் வந்ததும் உள்ளே விட்டு, நான்கு விரல் உயரம் ஆனதும் வெளியேற்றுங்கள். அருகு இன்னும் கொஞ்சம் குட்டையாகவே தாங்கும். புதிதாக விதைத்த துண்டில் முதன்முறை விடுவதற்கு முன் ஒரு கொத்தைக் கையால் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். இலை மட்டும் அறுந்து வந்தால் விடலாம், வேரோடு வந்தால் இன்னும் நாளாகும்.

களை ஏறிவிட்டது

கோரை வந்தால் அங்கே ஈரம் மிஞ்சுகிறது, புல் நெருக்கம் போதவில்லை என்று அர்த்தம். கிழங்கைத் தோண்டித் தீராது, வடித்துவிட்டு அருகை நெருக்குங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள்.

உண்மையான ஆபத்து வேலியோரத்தில் இருக்கிறது. அரளி, ஊமத்தை, வாய்க்கால் கரையை அடைத்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு, கிலுகிலுப்பை. அரளி சில இலையே ஒரு குதிரையைக் கொல்லும். வாடிய இலையில் கசப்பு தெரியாமல் தின்றுவிடும் என்பதால், வெட்டிய செடியையும் மருந்தடித்துக் காயும் செடியையும் திடலுக்குள் போட்டு வைக்காதீர்கள். மண் வளத்துக்குச் சணப்பை விதைத்தால் மடக்கி உழுது முடிக்கும்வரை குதிரை உள்ளே வரக்கூடாது. கிலுகிலுப்பையின் இனம் அது, ஈரலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது. பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டே போதும்.

புல் அருமையாக இருக்கிறது, குதிரைதான் சரியில்லை

திடல் பச்சைப்பசேல். குதிரையின் நடை மட்டும் கட்டையாகிறது. இன்று முன்கால், அடுத்த வாரம் பின்கால் என்று நொண்டல் இடம் மாறுகிறது. லாடக்காரர் குளம்பில் ஒன்றுமில்லை என்கிறார். மெல்லும்போது வலிக்கிறது. சில மாதத்தில் கண்ணுக்குக் கீழே முக எலும்பு இருபுறமும் புடைத்து, தலை பெரிதாகத் தெரிகிறது. பால் கொடுக்கும் பெட்டைக்கும் வளரும் குட்டிக்கும் முதலில் வரும்.

குதிரை புல்லால் பட்டினி கிடக்கிறது. சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியப் பட்டினி. வெப்பநாட்டுப் புற்கள் பலவற்றில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு லத்தியோடு போய்விடும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும், அதனால் மாட்டுக்குப் பெரிய தொல்லை இல்லை. குதிரைக்கு அந்த வசதி கிடையாது. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறையாமல் இருக்க, உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்கும். அதனால்தான் இரத்தப் பரிசோதனை பல சமயம் சரியாகவே வரும், எலும்பு மட்டும் கரையும். கரைந்த இடத்தில் நார்த்திசு வளர்வதுதான் அந்த முகப் புடைப்பு.

எந்தப் புற்கள் என்று பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும்: கொழுக்கட்டைப் புல், கம்பு நேப்பியர், எருமைப்புல், கினியாப் புல். மாட்டுக்கு நல்ல தீவனம் என்று எல்லோரும் சிபாரிசு செய்யும் அதே பட்டியல். இளம் தளிரில் ஆக்சலேட் அதிகம், முற்றினால் குறையும். தழைச்சத்தும் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) கூடினால் ஆக்சலேட்டும் கூடும். யூரியாவும் பொட்டாஷும் தாராளமாகப் போட்டு, வாரம் ஒருமுறை இளசாக அறுத்துப் போடுபவர் அன்போடு செய்வது, குதிரையின் எலும்பில்தான் போய் விடியும்.

இதோடு நெல் தவிடு சேர்ந்தால் முடிந்தது. ரைஸ்மில் பக்கத்திலேயே இருக்கிறது, தவிடு கிடைக்கிறது, குதிரையும் விரும்பித் தின்கிறது. தவிட்டில் மணிச்சத்து ஏராளம், சுண்ணாம்புச் சத்து அற்பம். குதிரையின் மொத்தத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மணிச்சத்தைவிட ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், தவிடு அதைத் தலைகீழாக்கும். பாவம் கொள்ளின் மேல் பழி போடுவார்கள். கொள்ளில் இரண்டும் ஏறக்குறைய சமம், அதன் குற்றம் இதில் இல்லை.

திடலில் சுண்ணாம்பு தூவினால் இது தீராது. புல்லில் இருக்கும் ஆக்சலேட் அப்படியே இருக்கும். செய்ய வேண்டியது புல்லை மாற்றுவது: மேய்ச்சல் அருகுக்கும் ரோட்ஸுக்கும் மாறட்டும். நேப்பியரும் கினியாவும் ஏற்கெனவே இருந்தால் சற்று முற்றவிட்டு அறுத்து, மற்ற புல்லோடு கலந்து பாதிக்கும் குறைவாகப் போடுங்கள். தவிட்டைக் குறையுங்கள். குதிரைமசால் பேருக்கேற்றபடி நல்லது, சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. தண்ணீர் நிற்கும் களியில் வராது, படுகையிலோ மேட்டு நிலத்திலோ விளைந்ததைக் காயவைத்து வாங்குங்கள். சுண்ணாம்புத் தூளும் டிசிபியும் (டைகால்சியம் பாஸ்பேட்) தீவனத்தில் எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது ஊகத்தில் மருந்து கொடுக்க வேண்டியதில்லை. போகும்போது என்ன புல், என்ன உரம், எவ்வளவு தவிடு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

பிடரியும் வாலும் முடி உதிர்ந்தால் வேலியில் சூபாபுல், அதாவது சவுண்டல், இருக்கிறதா பாருங்கள். அதில் உள்ள மிமோசின் முடியைக் கொட்ட வைக்கும். மரத்தைக் குதிரைக்கு எட்டாமல் கழித்துவிடுங்கள்.

பின்கால் தள்ளாடி, சிறுநீர் சொட்டுச் சொட்டாக ஒழுகித் தொடையை நனைத்தால், தீவனச் சோளத்தில் மேயவிட்டிருக்கிறீர்களா என்பதுதான் முதல் கேள்வி. பல அறுப்புச் சோளம் மாட்டுக்கு அமிர்தம், குதிரை தொடர்ந்து பச்சையாக மேய்ந்தால் தண்டுவடத்தையும் சிறுநீர்ப்பையையும் கெடுக்கும். பழுதான நரம்பு பெரும்பாலும் திரும்பாது, ஆகவே அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள்.

உரம் போட்டபின் எப்போது உள்ளே விடலாம்?

குருணை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து, ஒரு நல்ல மழையோ பாய்ச்சலோ முடிந்து, இரண்டு வாரம் கழித்து. காலிச் சாக்கையும் வேலியில் தொங்கவிடாதீர்கள், உப்புக்கு நக்கும்.

அடிக்கடி வயிற்றுவலி, புல்லோ குட்டை, மண்ணோ மணல்

வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்துக்காரர்களுக்கு. புல் குட்டையானதும் குதிரை வேரோடு சேர்த்து மணலையும் விழுங்கும். மணல் பெருங்குடலில் தங்கி வலியும் கழிச்சலும் கொடுக்கும். ஆறு உருண்டை லத்தியைத் தரையில் படாமல் எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கலக்கி, கால் மணி நேரம் வையுங்கள். அடியில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் மணல் படிந்தால் கவலைப்பட வேண்டும். படியவில்லை என்பதால் வயிற்றில் மணலே இல்லை என்றும் ஆகாது.

கோடியக்கரைச் சரணாலயத்தில் குதிரைகள் காலங்காலமாக மணலில்தானே திரிகின்றன என்று சொல்வார்கள். அவை ஒரு நாளில் சுற்றும் பரப்பு உங்கள் மூன்று மாவுக்குள் அடங்குமா? வேலிக்குள் இருக்கும் குதிரைக்குத் தீவனத்தைத் தொட்டியிலோ ரப்பர் விரிப்பின் மேலோ வையுங்கள், மணலில் கொட்டாதீர்கள். புல் நான்கு விரலுக்குக் கீழே போனதும் வெளியே எடுத்துக் காய்ந்த புல் போடுங்கள். வயிறு நார்த்தீவனத்தால் நிறைந்திருந்தால் மணல் தங்காமல் நகரும். இசப்கோல் கொடுப்பதை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். வலி வந்து குதிரை புரளத் தொடங்கியபின் கொடுப்பதற்கு அது மருந்தல்ல. பாட்டில் சோதனையை மற்ற மாதங்களில் மாதத்துக்கு ஒரு தடவையும், சித்திரையிலும் வைகாசியிலும் பதினைந்து நாளுக்கு ஒரு தடவையும் செய்யுங்கள்.